கைகட்டி உட்கார்ந்த பிள்ளை

செல்லப்பாண்டி இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைத்தது. எங்கள் துறை அட்டெண்டர் டீயை மேசையில் வைத்துவிட்டு, "சார், மேலூர்க்காரர் தவறிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் இருவரையும் அறிந்த உங்களுக்கு என் சுபாவம் புதிதல்ல.

எழுபதுகளின் கடைசியில், காது கேளாத பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் ஆராய்ச்சியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் படித்துத் தெரிந்துகொண்டவன். அவருக்கு அது வீட்டு விஷயம். அக்கா பொன்னுத்தாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எல்லோருக்கும் கையால் பேசத் தெரியும். செல்லப்பாண்டியின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அக்கா தன் புருவத்தை ஒரு விரலால் தடவினால், அதுதான் அவர் பெயர். "பேரு வச்சது எங்கய்யா, கூப்பிட்டது எங்கக்கா" என்பார். முன்கோபி. அறிக்கை எழுதும் நாளில் ஆள் அகப்பட மாட்டார்.

அப்போது பள்ளிகளில் கைச்சாடைக்கு இடமில்லை. சாடை பழகினால் பேச்சு வராது என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அப்படியொரு பள்ளியில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை பஞ்சவர்ணத்தை நான் சோதித்தேன். பதினோரு வயது. அட்டையில் இருக்கும் படம்போல வண்ணக் கட்டைகளை அடுக்க வேண்டும். அவள் கட்டையைத் தொடவே இல்லை. பூஜ்யம் போட்டு, படிக்கவைத்துப் பயனில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவளை அழைத்துப்போகச் சொல்லி அப்பாவுக்குக் கடிதம் போயிற்று. அவர் வந்து, மகளின் தகரப்பெட்டியுடன் வராந்தாவில் நின்றபோதுதான் செல்லப்பாண்டிக்கு விஷயம் தெரிந்தது.

"அண்ணே, நீங்க சோதிக்கையில இந்தப் பிள்ள கை எங்க இருந்துச்சு?"

"கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அடக்கமான பிள்ளை."

"பெரியவுக வந்தா கையைக் கட்டணும்னு அடிச்சுப் பழக்கியிருக்காக. நீங்க கையைப் பிரிக்கச் சொன்னீகளா? வாயைப் பொத்திவச்சுக்கிட்டுப் பேரைச் சொல்லுன்னா எப்படிண்ணே சொல்லும்?"

அவளை மறுபடி சோதனை மேசைக்கு அழைத்துவந்து, எதிரில் உட்கார்ந்து அவரும் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு மெல்லப் பிரித்து மேசைமேல் வைத்தார். பஞ்சவர்ணம், சுவரோரம் நின்றிருந்த வகுப்பு டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பிரித்தாள். அதற்கப்புறம் நான் அடுத்த அட்டையை எடுத்து வைப்பதுதான் தாமதம், படம் முடிந்திருந்தது. கடைசியில் என்னைப் பார்த்து விறுவிறுவென்று ஏதோ சாடை காட்டினாள். செல்லப்பாண்டி வெடித்துச் சிரித்தார்.

"என்ன கேக்குது?"

"கண்ணாடிக்காரர் கையே அசையலையே, அவருக்குப் புத்தி மட்டான்னு கேக்குதுண்ணே."

வாசலில் நின்ற அப்பா தயங்கி, "சார், பெட்டிய உள்ள வச்சிரவா?" என்றார். "வைங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் அறிக்கையைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீகண்ணே. பழசு, புதுசு ரெண்டையும் சேத்தே வைங்க. நம்ம எம்புட்டுத் தப்பா அளந்தோம்னும் தெரியணும்ல" என்று தடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் சோதனைத் தாள்களில் பெயருக்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது: பிள்ளையின் கைகள் எங்கே? அதைச் சேர்த்தவர் அவர்தான். முன்பு சோதித்த பிள்ளைகளை எல்லாம் மறுபடி சோதித்தோம். சிலர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

மேலூரில் துக்க வீட்டில் மரியாதைக்குக் கைகட்டி நின்றேன். பொன்னுத்தாய் எழுந்து வந்தார். என் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்த நாலைந்து சாடைகளும் அந்த நேரத்தில் மறந்துபோயின. ஒன்றுதான் நினைவிருந்தது. என் இடது புருவத்தை விரலால் தடவினேன். அவர் தலையசைத்து, தானும் தடவிக் காட்டினார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அந்தப் பூஜ்யம் போட்ட தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் பெயர் என் கையில் இருக்கிறது.