பதினெட்டு சென்டிமீட்டர்

பிலோமினாவுக்கு இடமில்லை என்று சொன்ன மின்னஞ்சல் இரண்டே வரிதான். பிப்ரவரி வெயில் உச்சந்தலையில் இறங்க, செமினியில் ஒரு தாமான் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சரிவில் நின்றபடி அதைப் படித்தார். ஆகஸ்டில் கோலாலம்பூரில் நிலச்சரிவு ஆய்வாளர்களின் மாநாடு நடக்கவிருந்தது. அதை ஒட்டி, சரிவுகளைக் கண்காணிப்பது பற்றி ஒரு பல்கலைக்கழகம் ஆறு நாள் பயிற்சி வைத்திருந்தது. இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். பொறியியலிலோ நிலவியலிலோ பட்டம் இருக்க வேண்டும் என்ற தகுதி தங்களுக்கு இல்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

"என்னாக்கா, கிடைச்சிருச்சா?" கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் வேலாயுதம் கேட்டார்.

"இல்ல. டிகிரி வேணுமாம்."

"பத்தொம்பது வருசமா மலை மலையா ஏறுறீங்க. அது பத்தாதாமா?"

"அதுக்கு பாரத்துல கட்டம் இல்ல லா," என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார். "சரி, பதினெட்டரை மீட்டருக்கு இழுங்க."

வேலை இதுதான். சரிவில் துளை போட்டு, கெட்டிப் பாறை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கியிருப்பார்கள். மாதம் ஒருமுறை அந்தக் குழாய்க்குள் ஒரு கை நீள எஃகுக் கருவியைக் கேபிளில் கட்டி அடிவரை விட வேண்டும். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, குழாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். மண் நகர்ந்தால் குழாயும் வளையும். கண்ணுக்குத் தெரியாத மில்லிமீட்டர் கணக்கைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

ஷா ஆலமில் உள்ள ஒரு சிறிய கண்காணிப்பு நிறுவனத்தில் தட்டச்சு செய்யத்தான் பிலோமினா சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஒருநாள் களத்துக்குப் போக வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட, எண்களை எழுதிக்கொள்ள யாராவது வாருங்கள் என்றார்கள். போனார். மதியத்துக்குள் காலில் மூன்று அட்டைகள் ஒட்டிக்கொண்டன, சப்பாத்து ஒன்று சேற்றில் போனது. ஆனாலும் மறுநாள் மேலாளரிடம் போய், இனிமேல் நான் வெளியே போகிறேன், தட்டச்சுக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "எல்லாரும் மலை சும்மா நிக்குதுன்னு நெனைக்கிறாங்க சார். அது சும்மா நிக்கல," என்றாராம். அன்று தொடங்கியதுதான். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுபத்திரண்டு குழாய்கள் அவர் பொறுப்பில்.

அன்று மாலை கிள்ளானில் வீட்டுக்கு வந்ததும் கணவர் ரோனியிடம் மின்னஞ்சலைக் காட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மனிதர். அதிகம் பேச மாட்டார்.

"அங்க போயி என்னா படிக்கணும்னு நெனைச்ச?" என்று கேட்டார்.

"நான் எடுக்கிற எண்ணை வச்சு ஆபீஸ்ல கணக்குப் போடுறாங்கல்ல, அது எப்படின்னு. எண்ணு என்னோடது. கணக்கு யாரோடதோ. பத்தொம்பது வருசம் ஆச்சு ரோனி."

ரோனி போனை வாங்கி மாநாட்டின் பக்கத்தைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இங்க பாரு. கட்டுரை கொடுக்கிறவங்களுக்குத் தனியா ஒரு பாரம் இருக்கு. இதுல டிகிரி கேக்கல."

பிலோமினா வாங்கிப் பார்த்தார். பெயர், நிறுவனம், தலைப்பு, முந்நூறு சொல்லில் சுருக்கம். அவ்வளவுதான். வகுப்பில் உட்காரப் பட்டம் வேண்டும், மேடையில் நின்று பேச வேண்டாம் போலிருக்கிறது. அதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன எழுதுவது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நாலாம் நம்பர் குழாய்.

அந்தக் கதை மூன்று வருடத்துக்கு முந்தியது. அதே செமினி சரிவில் கால்வாய் வெட்ட வந்த மண்வாரி இயந்திரம் ஒன்று நாலாம் குழாயின் தலையில் இடித்துவிட்டது. உடைந்த பகுதியை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டியது பிலோமினாதான். வேலை சுத்தமாக இருந்தது. மூடியும் போட்டாயிற்று. அதற்குப் பின் அந்தக் குழாயின் வரைபடத்தில் ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு கோணல் விழுந்தது. இயந்திரம் இடித்ததில் குழாய் முறுக்கிக்கொண்டது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்து, அந்தக் கோணலைக் கழித்துவிட்டே அறிக்கை அனுப்பினார்கள். பதினான்கு மாதம் அப்படியே ஓடியது.

கண்டுபிடித்தது அவருடைய முதுகு. ஒருநாள் ஐந்தாம் குழாயின் மூடியைத் திறக்கக் குனிந்தபோது இடுப்பில் சுரீரென்றது. இதற்கு முன் நாலாம் குழாயைத் திறந்தபோது ஏன் வலிக்கவில்லை என்று ஒரு கேள்வி மனதில் எழுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தார். அங்கே குனியவே தேவையில்லை. அளவு நாடாவை எடுத்து வைத்தார். பழைய உயரத்தைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதல். புதுத் துண்டை ஒட்டியபோது உயரத்தைக் குறித்துவைக்கவே இல்லை.

கேபிளில் உள்ள ஆழக் குறிகள் குழாயின் வாயிலிருந்துதான் கணக்கு. வாய் உயர்ந்தால் கருவி நிற்க வேண்டிய இடத்துக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் மேலே நிற்கும். குழாய் நேராக இருக்கும் இடத்தில் அதனால் தொல்லை இல்லை. ஒன்பது மீட்டரில் குழாய் முதல் நாளிலிருந்தே கொஞ்சம் வளைந்திருந்தது. பொய்க் கோணல் வந்தது அதனால்தான். பிலோமினா அங்கேயே குழாயைப் பழைய உயரத்துக்கு அறுத்து, மறுபடியும் அடியிலிருந்து படித்தார். பொய்க் கோணல் மறைந்தது. அதற்குள் ஒளிந்திருந்த உண்மை மிச்சமிருந்தது: மண், வீடுகள் இருக்கும் பக்கமாகப் பதினோரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.

அன்றே அறிக்கை போனது. மழைக்காலத்துக்கு முன்னால் சரிவுக்குள் வடிகால் குழாய்களைச் செருகினார்கள். மூன்று நாள் தண்ணீர் கொட்டியது. நகர்வு நின்றது. அந்தத் தாமானில் இருந்தவர்களுக்கு ஏதோ கால்வாய் வேலை நடந்தது என்ற அளவுக்குத்தான் தெரியும்.

இதை மாநாட்டில் சொல்லப் போகிறேன் என்றதும், நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் முகுந்தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிலோமினாவைவிட எட்டு வயது இளையவர்.

"அக்கா, எல்லாரும் அங்க போயி சாதனையைத்தான் சொல்லுவாங்க. நீங்க தப்பைப் போயி சொல்றேங்கிறீங்க. நம்ம பேரு என்னாகும்?"

"தப்பு என்னோடது பாஸ். ஆபீஸ் பேரை இழுக்க மாட்டேன். இடத்துப் பேரும் வேணாம். குழாய் நம்பர் போதும்."

"கழிச்சுட்டு அனுப்புன்னு சொன்னது நான்தானே," என்றார் முகுந்தன் மெல்ல.

"நான் உயரத்தைக் குறிச்சிருந்தா நீங்க கழிச்சிருக்க மாட்டீங்க. தாமான் கட்டுனவங்களுக்கு அப்பவே எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டோம். மறைக்க ஒண்ணும் இல்ல. இதே மாதிரி எத்தனை குழாய் எத்தனை ஊர்ல தலை உடைஞ்சு நிக்குதோ, அதை நெனைச்சுப் பாருங்க."

முகுந்தன் நாற்காலியை மறுபடி மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எழுதுங்கக்கா. இங்கிலீஷ் நான் பாக்குறேன்," என்றார். பார்த்தார். நான்கு இடத்தில் திருத்தினார். இரண்டு திருத்தத்தைப் பிலோமினா ஏற்றுக்கொள்ளவில்லை. "என் கவனக்குறைவால்" என்று அவர் எழுதியிருந்ததை, "சில நடைமுறைக் காரணங்களால்" என்று முகுந்தன் மாற்றியிருந்தார். பிலோமினா அதைத் திரும்பப் பழையபடியே ஆக்கினார்.

ஏப்ரலில் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். கடைசி நாள், மதிய உணவுக்குப் பின், பன்னிரண்டு நிமிடம்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மாநாடு நடக்கும் விடுதிக்கு நடந்தே போனார். பேச்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. விடுதியில் போட்ட சாப்பாட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாழை இலையில் சோறும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டார். ரோனி சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்திருந்தார். களத்துக்குப் போடும் அதே சப்பாத்துதான், தேய்த்துத் தேய்த்து ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தார்.

அவருக்கு முன்னால் பேசியவர் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு மாநிலத்தின் அத்தனை மலைகளையும் கணினியால் கணக்கெடுத்திருந்தார். திரையில் வண்ண வண்ணமாய் வரைபடங்கள் ஓடின. அதற்கு அடுத்து பிலோமினாவின் முதல் படம் வந்தது. சேறு படிந்த ஒரு குழாய், அதன் பக்கத்தில் மஞ்சள் அளவு நாடா. அரங்கில் ஒன்றிரண்டு பேர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"நான் பொறியாளர் இல்லை. குழாய் படிக்கிறவள்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "பதினான்கு மாதம் நான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்."

அதற்குப் பின் தாளைப் பார்க்கவில்லை. இயந்திரம் இடித்தது, துண்டு ஒட்டியது, முதுகு வலித்தது, நாடா வைத்தது எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னார். முதுகு வலியைச் சொன்னபோது சிரித்தார்கள். பதினோரு மில்லிமீட்டரைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

கேள்வி நேரத்தில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் எழுந்தார். உங்கள் மற்றக் குழாய்களில் இது இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

"சொல்ல முடியாது என்றுதான் அறுபத்திரண்டையும் அளந்தேன். ஐந்து வாரம் பிடித்தது. இன்னும் இரண்டில் இருந்தது. இரண்டையும் சரி செய்தோம். அங்கே மண் நகரவில்லை."

அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் இன்னொருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். எங்களிடமும் இப்படிக் கோணல் காட்டும் குழாய் ஒன்று இருக்கிறது, வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டோம், நாளைக்குப் போய் அளக்கிறேன் என்றார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் எழுந்திருந்தார். பன்னிரண்டு நிமிடம் இருபத்தைந்து ஆனது. நேரம் பார்க்க வேண்டிய ஆள் மணியை அடிக்கவே இல்லை.

தேநீர் மேசைக்கு அருகே சேலை கட்டிய ஓர் அம்மாள் வந்து நின்றார். பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர் மாதவி.

"மிஸஸ் பிலோமினா, உங்க விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புனது எங்க குழுதான். இப்பத்தான் பேரைப் பாத்தேன். சங்கடமா இருக்கு."

"ரூல் அப்படி இருந்துச்சு டாக்டர். நீங்க என்னா செய்வீங்க."

"ரூலை மாத்தச் சொல்லி எழுதப் போறேன். அது அப்புறம். அடுத்த வாரம் பயிற்சியில ஒருநாள் களத்துக்குப் போறோம். அன்னைக்கு நீங்க வந்து சொல்லிக் கொடுக்கணும். எங்கள்ல யாரும் இவ்வளவு குழாய் படிச்சதில்ல."

பிலோமினா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "வரேன் டாக்டர். ஆனா மத்த அஞ்சு நாளும் நான் கிளாஸ்ல உக்காருவேன். எனக்குக் கணக்கு தெரியணும்."

டாக்டர் மாதவி சிரித்தேவிட்டார். "இருபத்தஞ்சு நாற்காலிதான் இருக்கு."

"நாற்காலி நான் கொண்டாறேன்."

கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறாவது நாற்காலி தயாராக இருந்தது. முதல் இரண்டு நாள் அவருக்குத் தலை சுற்றியது. நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த பொறியாளர்கள் விசைப்பலகையில் விறுவிறுவென்று தட்ட, இவர் ஒவ்வொரு வரியாக நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் பிடி கிடைத்தது. இத்தனை வருடம் தன் கையால் எழுதிக் கொடுத்த எண்கள் எந்த வழியாகப் போய் வரைபடத்தின் கோடாகின்றன என்று தெரிந்தது. நான்காம் நாள் களத்தில் அத்தனை பேரையும் சேற்றில் நிறுத்தி, கருவியை அவரவர் கையாலேயே இழுக்க வைத்தார். ஒருவர் ஆழக் குறியைத் தப்பாகப் பிடித்தபோது கையைத் தட்டிவிட்டார். பட்டம் வாங்கிய கைதான், தட்டிவிட்டது பற்றிப் பிலோமினா கவலைப்படவில்லை.

ஐந்தாம் நாள் வகுப்பில் ஒன்று நடந்தது. கருவிக்குள் இருக்கும் உணரி நாளடைவில் இம்மியளவு திரும்பிவிடும், அதையும் கணக்கில் சேர்த்துச் சரி செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிலோமினா நாலாம் குழாயின் பழைய எண்களை எடுத்து, புதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஒருமுறை போட்டார். இன்னொருமுறை போட்டார். பதினொன்று வரவில்லை. பதின்மூன்று வந்தது.

மதிய இடைவேளையில் முகுந்தனுக்குப் போன் செய்தார்.

"பாஸ், மேடையில நான் சொன்ன எண்ணும் தப்பு. பதினொன்னு இல்ல, பதின்மூணு."

"ரெண்டு மில்லிமீட்டர்தானே அக்கா. யாரு பாக்கப் போறா? கட்டுரை அச்சுக்குப் போயிருக்கும்."

"இன்னும் போகல. விசாரிச்சுட்டேன். திருத்தம் எழுதி அனுப்பியாச்சு. காரணமும் எழுதியிருக்கேன். இப்பவும் வடிகால் வேலை செய்யுது, மலை நிக்குது, அதுல மாத்தம் இல்ல. ஆனா எண்ணு எண்ணுதானே பாஸ்."

"சரிக்கா," என்றார் முகுந்தன். பிறகு, "அந்தக் கணக்கை எனக்கும் காட்டிக் கொடுங்க. நம்ம மத்தக் குழாயெல்லாம் அதுல ஒருதரம் போட்டுப் பாத்துருவோம்," என்றார்.

"திங்கக்கிழமை ஆரம்பிப்போம்," என்று சொல்லிவிட்டு, மீதிச் சோற்றைச் சாப்பிடப் போனார் பிலோமினா. இன்னும் ஒருநாள் வகுப்பு பாக்கி இருந்தது.