ஒலிபெருக்கியில் என் வீட்டு அரிசி

போன சனிக்கிழமை சாயங்காலம் சித்தூரில் ஒரு பொதுக்கூட்டம். பேச்சைக் கேட்கலாம் என்று போனேன். நடந்தது வேறு. இதை எழுதும்போது எழுத்து நேராக வரவில்லை. அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

பேச வந்தவர் மதராஸ்காரர். பெரிய வக்கீல், கட்சித் தலைவர். பெயர் வேண்டாம்... சொன்னால் உங்களில் பாதிப் பேர் மாலை வாங்கப் போவீர்கள், மீதிப் பேர் என்னைத் திட்டிக் கடிதம் போடுவீர்கள். கண்ட்ரோல், கோட்டா, பர்மிட், லைசென்ஸ் எல்லாம் ஒழிந்தால்தான் நாடு உருப்படும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்.

எப்படிப் பேசுகிறார் என்று கேட்கிறீர்களா? கத்துவதில்லை. மேஜையைத் தட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பேசுவதுபோல ஆரம்பிக்கிறார்.

"சர்க்கார் நமக்கு வாட்ச்மேன். வாசலில் நிற்கட்டும். திருடன் வந்தால் பிடிக்கட்டும். சம்பளம் தருகிறோம். ஆனால் வாட்ச்மேன் உள்ளே வந்து இன்றைக்கு என்ன குழம்பு, அதில் எத்தனை கத்தரிக்காய் என்று கேட்டால்?"

கூட்டம் சிரிக்கிறது. சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைப் போடுகிறார். "கேட்டால்கூடப் பரவாயில்லை ஐயா... கத்தரிக்காய்க்கு மனுப் போடு என்கிறான்."

நான் மனுப் போட்டவன். சின்ன அச்சாபீஸ் வைத்திருக்கிறேன் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. கல்யாணப் பத்திரிகை, ஆலயத்துப் பாட்டுத் தாள், மாங்காய் மண்டி பில். பேப்பர் கோட்டாவைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள் என்று நான் போட்ட மனு மதராஸில் தொடங்கி, கர்நூலுக்குப் போய், இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. மாநிலம் பிரியப் பிரிய என் பைல் மூன்று தலைநகரம் பார்த்துவிட்டது. நான் ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷர் பேசினால் எனக்கு இனிக்காதா?

என்னோடு வந்தவள் என் இளைய மகள் கிருபா. படிப்பு முடித்து, சர்க்கார் பெண்கள் ஹைஸ்கூலில் டீச்சர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். போலீஸ் விசாரித்து 'நடத்தை சரி' என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அது போய்ச் சேர்ந்தால் தபாலில் ஆர்டர் வரும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் கூட்டம் போடுவது லேசான காரியம் இல்லை. திருத்தணி மதராஸ் பக்கம் போய், சத்தியவேடு எங்கள் ஆந்திரப் பக்கம் வந்து, எல்லைக்கோடு போட்டாகிவிட்டது. தரையில் கோடு காய்ந்துவிட்டது. மனசில் இன்னும் ஈரம். மதராஸிலிருந்து ஒருவர் வந்து மேடையில் தமிழ் பேசினால் கூட்டத்தில் பாதிக்கு முகம் இறுகும். அதனால் ஒரு வரி தமிழ், ஒரு வரி தெலுங்கு. மொழிபெயர்க்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார்.

அன்றைக்கு நின்றவர் ஒரு பிளீடர். தலைவரின் கத்தரிக்காயைத் தெலுங்கில் கோர்ட் தீர்ப்பு மாதிரி வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் முன்பே சிரித்துவிட்டார்கள்... அது வேறு எரிச்சல். தெரியாதவர்களுக்குத் தங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்திருக்கும். பின்னாலிருந்து "தெலுகு, தெலுகு" என்று குரல் கிளம்பியது.

"நான் பேசுவது தெலுங்கு இல்லாமல் வேறென்ன?" என்று பிளீடர் மைக்கிலேயே கேட்டார். ஒரு செருப்பு பறந்து வந்து மேடைப் படியில் விழுந்தது. பிளீடர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

தலைவர் தனியாக நின்றார். மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஆட்கள் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். உட்கார்ந்திருக்கிற கூட்டம் எழுந்தால் என்ன ஆகும் என்று எல்லை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் பங்காருபாளையத்து மாங்காய் மண்டி நாயுடு. என் வாடிக்கைக்காரர். நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்பா, உம் பொண்ணு சர்ச்சில வெள்ளக்காரங்க பிரசங்கத்த எல்லாம் தெலுங்குல சொல்லுமே. அனுப்பு மேல."

"அதுக்கு வேலை வர்ற நேரம், நாயுடு காரு. வேணாம்."

"ரெண்டு நிமிசம்பா. இல்லன்னா இங்க மண்ட ஒடையும். ஒண்ணு உன்து, ஒண்ணு என்து."

நான் திரும்பிப் பார்த்தேன். கிருபா பக்கத்தில் இல்லை. மேடைப் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சபைக்காரர்களுக்கு இந்த வேலை பழக்கம். வெளியிலிருந்து யார் பிரசங்கம் செய்ய வந்தாலும் பக்கத்தில் ஒருவர் நின்று தெலுங்கில் சொல்ல வேண்டும். கிருபா பாவாடை சட்டை வயதிலிருந்தே நிற்கிறாள். அதில் ஒரு முறை உண்டு. 'ஐயா இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பிரசங்கியார் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்று சொல்ல வேண்டும். அவர் கை உயர்ந்தால் இவள் கையும் உயர வேண்டும். அவருக்குக் குரல் தழுதழுத்தால்... ஆமாம், அதுவும்தான்.

ஆலயத்தில் அது நல்ல முறை. அரசியல் மேடையில்?

தலைவர் கத்தரிக்காயைத் திரும்பச் சொன்னார். கிருபா இடுப்பில் கை வைத்து, புருவத்தைத் தூக்கி, அந்த வாட்ச்மேனாகவே மாறிக் கேட்டாள்: "ஏமம்மா, வங்காயகு பர்மிட் உந்தா?"

கத்தரிக்காய்க்குப் பர்மிட் இருக்கிறதா என்ற கேள்விக்கு மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் வரிக்கு ஒரு கைதட்டல், இவள் வரிக்கு ஒரு கைதட்டல். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கைதட்டல் பெரிதாகிவிட்டது. தலைவரும் கவனித்தார். சிரித்துக்கொண்டே தன் வரிகளைச் சுருக்கினார்.

அப்போதுதான் மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வேட்டி... காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ். குண்டூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். தலைவர் பேசும்போது வேப்பமரத்தைப் பார்த்தார். கிருபா பேசும்போது கிருபாவைப் பார்த்தார்.

அதாவது, அவர் காதில் விழுந்த பேச்சு முழுக்க என் மகளுடைய பேச்சு.

'நடத்தை சரி' என்று எழுத வேண்டியவரும் அவர்தான். சீக்கிரம் முடியட்டும் என்று ஜெபம் செய்தேன்.

"விளைவிக்கிறவனுக்குத் தன் அரிசியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக உரிமை வேண்டும்" என்றார் தலைவர். அவ்வளவுதான். ஒரு வரி.

கிருபா அந்த வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை.

"ஒரு அம்மா இருக்கிறாள்," என்றாள் தெலுங்கில். "அவள் அண்ணனுக்குப் புத்தூர்ப் பக்கம் நிலம். அவள் மகள் திருத்தணியில் பிள்ளை பெற்றிருக்கிறாள். பெற்றவளுக்குக் கஞ்சி வைக்க ஒரு சின்ன மூட்டை அரிசி கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்..."

ஒலிபெருக்கியில் என் வீட்டுச் சமையலறை கேட்டது.

அந்த அம்மா என் மனைவி. பர்மிட் இல்லாத அரிசி எல்லை தாண்டக் கூடாது என்று செக்போஸ்டில் அவளை இறக்கிவிட்டார்கள். வெயிலில் நிறுத்தி, மூட்டையை வைத்துவிட்டுப் போ என்றார்கள். அவள் மூட்டையை அவிழ்த்தாள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு முன்னால் முழுவதையும் கொட்டினாள். அடுத்த பஸ்ஸில் வெறுங்கையோடு போய்ப் பேரனைப் பார்த்தாள். இது எங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம். கிருபாவுக்கு ஆர்டர் வரட்டும், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னவன் நான்.

கிருபா அதை ஆடுவரைக்கும் சொல்லி முடித்தாள். அப்புறம் வந்த சத்தத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

கீழே இறங்கியதும் அவர் கேட்டார்: "நான் ஒரு வரிதானே அம்மா சொன்னேன்? நீ என்ன சொன்னாய்?"

கிருபா சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமையான விஷயம்" என்றார். காரில் ஏறிவிட்டார்.

வீட்டில் நான் கத்தினேன்.

"நைனா, அவரு சொல்றப்ப நீ கை தட்டிக்கினுதான இருந்த?" என்றாள் கிருபா. "அதையேதான் நானும் சொன்னேன்."

"அவருக்கு உத்தியோகம் வேணாம். உனக்கு வேணும்."

என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தட்டை எடுத்து வைத்தபடி கேட்டாள்.

"எம் பேர சொன்னாளா?"

"இல்ல. ஒரு அம்மான்னா."

"ஆட்டு விசயம்?"

"சொன்னா."

"கூட்டம் இன்னா பண்ணுச்சு?"

"சத்தம் போட்டாங்க."

"எவ்ளோ நேரம்?"

நான் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நல்ல பேச்சு என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. கேட்கிறவன் தன் வீட்டுப் புகாரை உள்ளே வைத்துக்கொள்ள இடம் விட்டிருக்கும் பேச்சு. நான் என் பைலை வைத்தேன். நாயுடு மாங்காயை வைத்தார். என் மகள் அரிசியை வைத்தாள். நாங்கள் மனசுக்குள் வைத்தோம். அவள் மைக்கில் வைத்துவிட்டாள்.

இன்னொன்று. சர்க்காரே ஒதுங்கி நில் என்று கை தட்டுகிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அவர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'சர்க்கார் உத்தியோகமா?'

மறுநாள் தலைவர் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையில் பேசினார். போய் வந்த நாயுடு அச்சாபீஸுக்கு வந்து சொன்னார்.

"உம் பொண்ணு சொன்ன கதைய அங்க இவரே சொன்னாருப்பா. அந்தம்மா அழுதுச்சாம், செக்போஸ்ட்டுக்காரன் கால்ல வுழுந்துச்சாம். ஜனம் கண்ணத் தொடச்சிக்கினு போச்சு."

"ஆடு?"

"ஆடு எதுவும் வரல."

சின்ன மூட்டை பெரிய கோணியாகிவிட்டதாம். சரக்கு சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்விட்டது... பர்மிட் இல்லாமல், கூலி இல்லாமல். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. கதை இனி அவருடையது அல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். இந்த முறை யூனிபாரம். பேச்சு முழுக்கத் தெலுங்கில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன். கிருபா அளவுக்கு வராது.

"டீச்சர் வேலைக்கு வெரிபிகேஷன்," என்றார். "நல்ல குடும்பம்னு எல்லாரும் சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு. சனிக்கிழமை அந்த அரிசிப் பேச்சு... அது அவர் பேச்சா, உங்க பொண்ணு பேச்சா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"அவர் பேச்சுதாங்க," என்றேன். "இவ வெறும் மைக் மாதிரி."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். திருப்பதியிலயும் அதையே பேசினாராம். அந்தம்மா அழுது, நம்ம ஆள் கால்ல விழுந்து..."

"அதே. அதேதாங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டிவிட்டால் போதும். என் மகளுக்கு வேலை.

"யாரு கால்ல வுழுந்தது?"

என் மனைவி சமையலறைக் கதவருகே முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். நான் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"நான் அழல. எவன் கால்லயும் வுழல. எங்க அண்ணன் வெளைய வச்ச அரிசி. செக்போஸ்ட்டுக்காரன் துன்றதுக்கா நான் தூக்கிக்கினு போனேன்? ஆட்டுக்குக் கொட்டிட்டுப் போனேன். வேணும்னா அங்க போய்க் கேளுங்க. ஞாபகம் வச்சிக்கினு இருப்பான்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

"மேகலகா?" என்றார். ஆடுகளுக்கா என்று.

"ஆமா. நல்லா துன்னுச்சுங்க."

அவளுக்குப் பின்னாலிருந்து கிருபா வந்தாள். "மேடையில அதைச் சொன்னது நான்தான் சார். தலைவருக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. அம்மா சொல்றதுதான் நடந்தது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உங்க மொழிபெயர்ப்புல கொஞ்சம் தப்பு இருக்கும் போல," என்றார்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டார்: "பேரன் இப்போ எப்படி இருக்கான்?"

"இருக்கான். தவழ்றான்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். சைக்கிள் தெருவைத் தாண்டுகிறவரை நின்று பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் பேரனை விசாரித்தால் அதற்கு என்ன அர்த்தம்? நல்லதா, கெட்டதா? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

இதை எழுதலாமா என்று கிருபாவிடம் கேட்டேன்.

"எழுது நைனா. ஆட்ட மட்டும் வுட்டுறாத."

எழுதிவிட்டேன். அந்தத் தலைவர் மறுபடி வந்தால் மறுபடி போவேன், மறுபடி கை தட்டுவேன். சர்க்கார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை... தபால்காரர் எங்கள் தெருமுனையில் திரும்புகிற அந்தக் கொஞ்ச நேரம் தவிர.