அன்னாசித் தண்டும் என் வலது கையும்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் வலது கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வீங்கி, தோல் மினுமினுத்தது. விரல்களை மடக்கச் சொன்னார் டாக்டர். ஒன்றுகூட மடங்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை எனக்கு. தரையில் சிந்திய மண்கூழில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, வீக்கம்தான் வடியவில்லை.

"இப்படியே அசைக்காம வச்சிருந்தா மூட்டு இறுகிடும்மா" என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "அன்னாசித் தண்டுலேருந்து எடுக்கறது. வெறும் வயித்துல போடுங்க. வீக்கம் வடிய இது உதவும். விரலை மடக்குறது உங்க வேலை."

அதன் பெயர் ப்ரோமலைன் (புரதத்தை உடைக்கும் நொதி).

என்னைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்தார். "அன்னாசிதானே? பழத்தையே தின்னுட்டா போவுது" என்று ஒன்றை வாங்கிவந்தார். இருவரும் முழுதாகத் தின்று தீர்த்தோம். வீக்கம் அப்படியே இருந்தது, நாக்குதான் புண்ணாயிற்று. பிறகு ஒழுங்காக மாத்திரைக்குத் திரும்பினேன்.

ஒரு நாள் காலையில், விரல் மூட்டுகளின் மேல் சுருக்கங்கள் தெரிந்தன. தோல் சுருங்கியதற்காக யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என் கையை வெந்நீரில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"வலிக்குது அத்தை, வுடுங்க!"

"கத்தறதுன்னா கத்து. கையை மட்டும் இழுக்காத."

அவருக்கு முழங்கால் வீக்கம் உண்டு. "எனக்கும் அதுல ஒண்ணு குடேன்" என்றார். அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். இதயத்துக்காக அவர் தினமும் போடும் மாத்திரை நினைவுக்கு வர, டாக்டரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன்.

"குடுத்துடாதீங்க" என்றார் டாக்டர். "அவங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்க. இதையும் சேர்த்தா எங்கயாவது ரத்தம் கசியலாம்."

"பழத்துலேருந்து எடுக்கறதுன்னாரே!" அத்தைக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் அன்று மாலையும் வெந்நீர் வைத்தார்.

வீங்கிய கையோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: செடியிலிருந்து வந்தாலும் மருந்து மருந்துதான். மற்ற மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள். என்னைக் குணமாக்கியது இது மட்டும்தான் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் வீக்கம் வடியாமல் அத்தையால் என் விரலைத் தொட்டிருக்கவே முடியாது. நாம் தூக்கி எறியும் தண்டுக்குள் அப்படியொன்று இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பட்டறைக்குத் திரும்பினேன். முதலில் ஒட்டிய கைப்பிடிகள் கோணலாயின, பிறகு நேராயின.

முன்பெல்லாம் கை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வேலை செய்வேன். இப்போது காலையில் அது இளகக் கொஞ்சம் நேரமாகிறது. டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். அந்த நேரம் வீணாகிறது என்று எனக்குத் தோன்றுவதில்லை.