வாளியில் இருந்த எழுத்து

எங்கள் பல்கனியில் ஒரு மஞ்சள் வாளி இருக்கிறது. டேனிஷ் நகரமான ஸ்கீவவில் நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையை மூடியபோது, வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களிலிருந்து எடுத்து வந்தது. அதன் வயிற்றில் கறுப்பு மையால் H என்று எழுதியிருக்கிறது. எந்தக் கூடத்து வாளி என்பதற்கான அடையாளம், வேறொன்றுமில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கூடத்து மேற்பார்வையாளரான போர்மனின் முகம்தான் வரும்.

போர்மன் வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட்காரர், புரட்டஸ்தாந்துக் குடும்பம். தன்னைப் பிரித்தானியர் என்றுதான் சொல்லுவார். யாராவது ஐரிஷ்காரர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கூடத்தில் எல்லோருக்கும் ஏச்சு விழும். எனக்கு மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்த கன்னியாஸ்திரியும் அதே தீவிலிருந்து வந்தவர்தான். அவருக்கு அது முழுக்க அயர்லாந்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, "இது ஹெய்ச் வாளியோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். போர்மன் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். "உனக்கு ஆர் அப்பிடிச் சொல்லித் தந்தது?" என்றார். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அவருடைய ஊரில் கத்தோலிக்கர் அந்த எழுத்தை ஹெய்ச் என்பார்கள், புரட்டஸ்தாந்துக்காரர் எய்ச் என்பார்கள். முகமூடி போட்டவர்கள் றோட்டில் மறித்து எழுத்துகளைச் சொல்லச் சொன்ன காலம் அது. அவருடைய தம்பி ஒரு பட்டறையில் கத்தோலிக்கப் பொடியங்களோடு வேலை செய்து, அவர்கள் மாதிரியே கதைக்கப் பழகியிருந்தான். ஒருநாள் மறித்தவர்கள் அவனுடைய சொந்தப் பக்கத்து ஆட்கள். அவன் பழக்கத்தில் ஹெய்ச் என்றான். "எங்கட ஆக்கள்தான் சுட்டவங்கள்," என்றுவிட்டுப் போர்மன் சாப்பிட எடுத்த பாணைத் திரும்பத் தாளில் சுற்றி வைத்தார்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். கொழும்புக் கலவரத்தில் அவரை மறித்தவர்கள் ஒரு வாளியைக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். பால்திய என்ற அந்தச் சொல்லின் முதல் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்தில்லை. எங்கள் ஆட்களின் வாய் அதில்தான் காட்டிக்கொடுக்கும். அப்பா சரியாகச் சொன்னார். கூடப் போன சிநேகிதருக்கு வாய் வரவில்லை. அப்பா தனியாகத்தான் வீடு வந்தார். அதன்பிறகு பிள்ளைகளை வரிசையாக இருத்தி அந்த ஒரு சொல்லையே சொல்லவைத்தார். "திருப்பிச் சொல்லு. உதட்டை அமத்திச் சொல்லு."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்த எழுத்தை டேனிஷில் ஹோ என்றே சொன்னோம். அதில் எந்தப் பக்கமும் இல்லை.

போன மாதம் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்க்கப் போனேன். மறதி நோய் டேனிஷை முழுக்கத் துடைத்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் மிச்சம். என்னைத் தன் தம்பி என்று நினைத்தார். நான் வெளிக்கிட எழும்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "போகமுதல் அந்த எழுத்தைச் சொல்லு." என் வாய் பழக்கத்தில் ஹோ என்றது. பிடி இறுகியது. "அப்பிடி இல்லை. முன்னுக்கு மூச்சு விடாமல் சொல்லு."

"எய்ச்," என்றேன்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். "சரி. இனி நேரா வீட்டை போ," என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.

நேராக வீட்டுக்குத்தான் வந்தேன். மகள் பல்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளியைத் தூக்கிக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன என்று டேனிஷில் கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள். நான் பதில் சொல்லும் முன்பே என் உதடுகள் அழுந்தி, அந்தச் சிங்களச் சொல்லுக்குத் தயாராகிவிட்டன.