வண்டிக்காரரின் பெயர்

என் பெயருக்குப் பின்னால் கார்ட்டர் என்று இருப்பதைக் கேட்டதும், இன்றும் சிலர் முதலில் என் முகத்தின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஏலக்காய் மலையில், சக்குபள்ளத்துப் பக்கம், எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு படிக்கும்போது.

அந்த வாரம் எஸ்டேட் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கியிருந்தார். வயதானவர். அவருடைய தாத்தாவின் அப்பா ஒரு காலத்தில் அங்கே துரையாக இருந்தாராம். இரண்டு நாள் கல்லறைத் தோட்டத்தில் பாசியைச் சுரண்டி அவர் பெயரைத் தேடியவர், மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். அவர் பெயரும் கார்ட்டர்.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினார். இவளும் கார்ட்டர்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வாத்தியார்கள் பக்கம் திரும்பி, “துரை சும்மாவா இருந்திருப்பாரு?” என்றார் தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். ஏதோ சொந்தம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினேன். ஜீப் ஓட்டிவிட்டு வந்திருந்த அப்பா, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மட்டும் கேட்டாள்: “என்ன சொன்னாரு? இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.

“விடுக்கா. பிள்ள படிக்கிற எடம்” என்றார் அப்பா.

“நீ விட்டுரு” என்றாள் அத்தை.

மறுநாள் வெள்ளைக்காரர் பிள்ளைகளுக்குப் பேனா கொடுக்க வந்திருந்தார். நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அத்தை படியேறி வந்தாள். ஏலக்காய் எடுக்கப் போகும் அதே உடை, இடுப்பில் சாக்கு. நேரே ஹெட்மாஸ்டரிடம் போனாள்.

“எங்க தாத்தாவப் பெத்த பூட்டிய நீங்க பாத்திருக்கீகளா சார்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நீ இன்னைக்கு வேலைக்குப் போகலையா?”

“பாக்காத பொம்பளையப் பத்திப் பிள்ளைக முன்னாடி எப்பிடிப் பேசுனீக? எங்க பூட்டன் திருநெல்வேலிப் பக்கமிருந்து பஞ்சத்துல நடந்தே கம்பம் வந்து, இந்த எஸ்டேட் சரக்க மாட்டுவண்டியில எறக்குனவரு. வண்டிக்காரருன்னு வேலைய எழுதுற எடத்துல இங்கிலீசுல கார்ட்டர்னு எழுதியிருக்காக. ஞானஸ்நானம் குடுத்தப்பக் கோயில்லயும் அதையே பேராக்கிட்டாக. பதிவேட்டுல இருக்கு, போய்ப் பாருங்க. நேத்து இவருகிட்ட இங்கிலீசுல பேசுனீகள்ல, இதையும் இங்கிலீசுல சொல்லுங்க.”

வேறு வழியில்லாமல் ஹெட்மாஸ்டர் சொன்னார். வெள்ளைக்காரரின் முகம் மலர்ந்தது. அவர் பதிலுக்குச் சொன்னதையும் ஹெட்மாஸ்டரே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் ஊரிலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தமாம். அவருடைய முன்னோர் ஏதோ கிராமத்தில் குதிரை வண்டி ஓட்டியவர்கள். பிழைப்புத் தேடித் துறைமுக நகரத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் கப்பலேறி இந்த மலைக்கு வந்தார். “நம்ம ரெண்டு வீட்டுலயும் வண்டிக்காரங்கதான்னு சொல்றாரு” என்று ஹெட்மாஸ்டர் முடிப்பதற்குள், வெள்ளைக்காரர் சந்தோஷமாக அத்தையிடம் கையை நீட்டினார்.

அத்தை அந்தக் கையைத் தொடாமல் தன் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“அவுக பேரு அவுக ஊர்ல, அவுக பாஷையில வந்தது. எங்க பூட்டனுக்கும் வீட்டுல ஒரு பேரு வச்சிருப்பாகள்ல? அத யாரும் கேட்டு எழுதல. இன்னைக்கு அது என்னன்னு எங்களுக்கே தெரியாது. இதையும் சொல்லுங்க.”

அதை மட்டும் ஹெட்மாஸ்டர் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என் படிப்பு முடியும்வரை அதே நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அன்று என் கோபமெல்லாம் அத்தை மேல்தான். வெள்ளைக்காரர் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார் என்று தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரிப் போயிருந்தேன். அது நடக்கவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் சோறு போட வந்தபோது தட்டை அம்மாவிடம் நீட்டினேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் மானத்துக்காக ஒருத்தி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? துரைக்குச் சொந்தக்காரியாக இருக்கக் கிடைத்த வாய்ப்பை அவள் கெடுத்துவிட்டாள் என்பது மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.