பல்லாவரம் ரெண்டு

ரயில் டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். "பல்லாவரம் ரெண்டு." அவ்வளவுதான். ஆனாலும் என் முறை வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் "சத்தமா சொல்லுங்க" என்பார். பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். ஐந்தாவதோடு நின்றவன் நான். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் மெஷின் முன்னால்தான் நாள் முழுக்க. அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

பட்டறைக்குப் போக வேன் வந்துவிடும். ரயிலில் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஊரப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்கு. அங்கே மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். சின்ன வயசில் வந்த காய்ச்சலோடு அவள் மனசு அந்த வயசிலேயே நின்றுவிட்டது. உடம்புக்கு மட்டும்தான் வயசாகிறது. அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் இருந்தாள். அம்மா போன பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அம்மா போனதும் இன்னொன்றும் நடந்தது. ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியிருந்த எங்கள் மனையை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டோம். ரோட்டுப் பக்கம் யாருக்கு என்பதில் பேச்சு தடித்தது. வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் முன்பக்கம் அண்ணனுக்கு. அங்கே சிமென்ட், கம்பி விற்கும் கடை வைத்தார். பின்பக்கம் எனக்கு. நடுவில் ஒரு சுவர் எழும்பியது. அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. நானாகப் போய்ப் பேசும் ஆளும் இல்லை.

தங்கச்சிக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

சண்டைக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அண்ணன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முறை வந்ததும், அதுவரை இரண்டு பேரும் சேர்ந்தே போய்வந்த வாய்ப்பழக்கத்தில் "பல்லாவரம் ரெண்டு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. போகவும் இல்லை. நான் வரிசையை விட்டு விலகி அவர் பின்னால் நடந்தேன்.

இரண்டு பேருக்கு வாங்கினால் இரண்டு சீட்டு தர மாட்டார்கள். ஒரே சீட்டுதான், பெரியவர் என்ற இடத்தில் 2 என்று அச்சடித்து வரும். சீட்டு ஒருத்தர் கையில் இருந்தால் இன்னொருத்தர் அவர் ஏறும் பெட்டியில்தான் ஏற வேண்டும், அவரோடுதான் இறங்க வேண்டும். அப்படித்தான் நாங்கள் போய் வந்துகொண்டிருந்தோம். யார் முதலில் வந்தாலும் ரெண்டு வாங்குவது. எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பது. ஒருமுறை தாம்பரத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அண்ணன் சீட்டைக் காட்டி, "அவனும்தான் சார். தம்பி" என்று என் பக்கம் முகவாயை நீட்டினார். அந்த ஒரு சொல்லை நான் வாரம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

இல்லத்துக்குப் போனதும் தங்கச்சி கையை நீட்டுவாள். சீட்டு அவளுக்கு. படிக்கத் தெரியாது, ஆனால் 2 தெரியும். அதைத் தொட்டுவிட்டு, "பெரிண்ணா, சின்னண்ணா" என்பாள். தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தாள். எங்கள் இருவரையும் இரண்டு பக்கம் உட்கார வைத்து நடுவில் இருப்பாள். அவள் முன்னால் மட்டும் அண்ணன் என்னைப் பார்த்து, "அந்தத் தண்ணி பாட்டில எடு" என்பது போல ஏதாவது சொல்வார். நானும் எடுத்துக் கொடுப்பேன்.

பிறகு அந்தக் கார்டு வந்தது. மெட்ரோவில் இருப்பது போல, தட்டினால் கதவு திறக்கும், இறங்கும் இடத்தில் தட்டினால் காசு கழியும். முதலில் தாம்பரத்தில் வைத்தார்கள், அப்புறம் எங்கள் ஸ்டேஷனிலும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காகிதச் சீட்டு வேண்டுமென்றால் தாம்பரத்தில்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கார்டு பிடித்திருந்தது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். பட்டறையில் கூட வேலை செய்பவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் இதையெல்லாம் வாங்கியிருக்க மாட்டார் என்று தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்தே அதில் காசு ஏற்றினேன். சீட்டு ரெண்டு பேருக்கு ஒன்று என்பது போல கார்டும் ரெண்டு பேருக்கு ஒன்று என்றுதான் என் மனசில் இருந்தது. வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை.

அந்த ஞாயிறு அண்ணன் மூடிய கவுன்ட்டர் முன்னால் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பார்க்கும்படி நடந்துபோய்க் கார்டைத் தட்டினேன். கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி, கதவுக்கு மேலே கையை நீட்டிக் கார்டைக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் விரல் என் விரலில் பட்டது. நான் செய்த மாதிரியே தட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை. மறுபடி தட்டினார். மெஷின் கத்தியது.

பின்னால் பொத்தேரி காலேஜ் பையன் ஒருவன். "அங்கிள், அது ஏற்கெனவே உள்ள போனதா காட்டுது. ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான்."

"தள்ளுங்க சார், வண்டி வந்துகினு கீது," என்றது ஒரு குரல்.

அதற்குப் பின்னால் ஒருத்தன் சிரித்தான். "இன்னா பெருசு, ஒரு கார்டுல மொத்த குடும்பமும் போய்டலாம்னு பாத்தியா? வேட்டி வெள்ளையாத்தான் கீது."

இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வரிசையில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள், அண்ணன் கடையில் கடனுக்குச் சிமென்ட் வாங்குபவர்கள். அண்ணனின் காது மடல் சிவந்துபோனது. சின்ன வயசிலிருந்தே கோபம் வந்தால் அவருக்கு அங்கேதான் தெரியும். கார்டைக் கதவின் மேல் வைத்தார்.

"என்னை அசிங்கப்படுத்தத்தான் இத வாங்கினியாடா?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு, தங்கச்சி இல்லாத இடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இல்லண்ணா, உனக்கும் சேத்துத்தான் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கின் நுனி வரை வந்தது. பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் திரும்பி நடந்து கூட்டத்தில் கலந்துவிட்டார். வண்டி வந்தது, போனது. நான் அடுத்த வண்டியில் ஏறினேன்.

தங்கச்சி கையை நீட்டினாள். என்னிடம் கார்டுதான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 2 எங்கும் இல்லை. என் மடியில் வைத்துவிட்டாள்.

"பெரிண்ணா?"

"வருவாரு."

நான் இருந்தவரை வரவில்லை. நான் கிளம்பிய பிறகு மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து போனதாக அடுத்த வாரம் இல்லத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னார்கள்.

அதற்குள் அண்ணன் சொந்தமாக ஒரு கார்டு வாங்கியிருந்தார். அன்றைக்கு ஸ்டேஷன் நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தேன். தட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, தனியாக உள்ளே போனார். வண்டி வந்ததும் முன்பக்கப் பெட்டியில் ஏறினார். நான் கடைசிப் பெட்டியில். இனி ஒரே பெட்டியில் ஏற எங்களுக்குக் காரணம் இல்லை. பல்லாவரத்தில் இறங்கியவர் என்னைப் பார்த்துவிட்டு இல்லத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டார். நான் போய்விட்டு வந்த பிறகுதான் அவர் போனார். அதிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. தங்கச்சிக்கு ஒரு நாளில் ஒரு அண்ணன் போய் இன்னொரு அண்ணன் வருவார். அவள் சாப்பிடுவது குறைந்துவிட்டதாக அந்த அக்கா சொன்னார்கள். "ரெண்டு பேரும் சேந்து வரக்கூடாதாப்பா? தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கா." நான் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிறு தாம்பரத்தில் இறங்கினேன். வெளியே தட்டிவிட்டு வந்து, கவுன்ட்டர் வரிசையில் நின்றேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் முறை வந்தபோது தொண்டை அடைக்கவில்லை. "பல்லாவரம் ரெண்டு" என்றேன். உள்ளே இருந்த பெண்மணி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள்.

தங்கச்சி சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். 2-ஐத் தொட்டாள். என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் யாரும் இல்லை. அண்ணன் அப்போது டீக்கடையில்தான் நின்றிருப்பார்.

தலையணைப் பக்கம் அவள் போகவில்லை. சீட்டை என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"பெரிண்ணா வந்ததும் குடு," என்றாள்.

நான் கிளம்பும்போது வழக்கமாகக் கையை ஆட்டுவாள். அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தேன். எதிரே டீக்கடையில் அண்ணன், கையில் கிளாஸ். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரோடுதான். சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி இல்லத்துக்குள் போனார்.

சீட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது.