சாஞ்ச துரையின் பேட்டர்ன்

1. கடையின் சட்டம்

வாடிக்கையாளர் இறந்துவிட்டால் அவருடைய பேட்டர்னைக் கிழித்துவிட வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊரில் நான் வேலை பார்த்த ஆண்கள் உடுப்புக் கடையில் இதுதான் சட்டம். பேட்டர்ன் என்பது ஒருவருடைய உடம்பு அளவுக்கு வெட்டி வைத்த பழுப்புத் தாள். முதுகுக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று வெட்டி, பேர் எழுதி, ஆணியில் மாட்டி வைப்போம். மறுபடி அவருக்குக் கோட்டு தைக்கும்போது அந்தத் தாளைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி ராவுத்தர் சொல்லிவிட்டார்.

"ஆளு மௌத்தாயிட்டா தாளும் போயிடணும். அதுல மட்டும் சோம்பல் கூடாதும்மா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கடையில் இருந்த அத்தனை வருஷத்தில் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவைதான் மீறினேன். இன்று துணிக்கடையில் நிற்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அதை எழுதுகிறேன். நம்பாவிட்டால் கோபமில்லை. நானே பாதிதான் நம்புகிறேன்.

எழுபதுகளில் ஆண்கள் கடையில் ஒரு பெண் நிற்பது அதிசயம். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் ராவுத்தர். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது நான். ஆண்பிள்ளை உடம்பில் நான் டேப் வைக்கக் கூடாது. யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான். அதனால் கண்ணாலேயே அளவெடுக்கப் பழகிக்கொண்டேன். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள் மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்து நாலு என்று மனசுக்குள் சொல்லிவிடுவேன். பிறகு ராவுத்தர் டேப் பிடித்தால் கால் இன்ச் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அதில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது.

2. ஸ்பிரிங் துணி

வருஷத்துக்கு ஒரு தடவை பினாங்கிலிருந்து துணிக் கம்பெனி ரெப் ஒருவர் சாம்பிள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். இங்கிலாந்துத் துணி. மேலட்டையில் 'ஸ்பிரிங்' என்று அச்சடித்திருக்கும். அந்த ஊரில் மூன்று மாதம் உடுத்துவதாம். எங்கள் மலையில் பன்னிரண்டு மாதமும் அந்தக் குளிர்தான். அதனால் மற்ற சீசன் புத்தகங்களை நான் தொடவே மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒரே செட்தான். கனமில்லாத கம்பளிக் கோட்டு, லைனிங் பாதி முதுகுக்கு மட்டும். சாம்பல் நிற ஃபிளானல் சிலுவார், அதாவது கால்சட்டை. பின்னல் டை ஒன்று. தையல் போட்ட தோல் அடி வைத்த பிரவுன் ஷூ. பசை ஒட்டிய ஷூ எங்கள் மழைக்கு ஒரு மாதம் தாங்காது. துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். சுருக்கம் தானாகப் போகிறதா என்று பாருங்கள். கட்டம் போட்ட துணியானால் பாக்கெட்டில் கட்டம் விலகாமல் சேர்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஓட்டை கையால் தைத்ததா என்று திருப்பிப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் இருபது வருஷம் உடுத்தலாம். இதில் இன்றும் நான் மாறவில்லை.

நான் சொன்னதிலேயே மிக அழகாக அமைந்தது ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தைத்த பாசிப்பச்சைக் கோட்டு. மேல் தோட்டத்து மேனேஜர் அவர். யுத்த காலத்தில் குண்டு பட்டு, இடது தோள் ஒரு இன்ச் இறங்கியிருக்கும். ஜனங்கள் அவரைச் சாஞ்ச துரை என்பார்கள். பொல்லாத மனுஷர். யாரைப் பார்த்தாலும் "பேரு என்னா?" என்று கேட்பார். பத்து வருஷம் வேலை பார்த்தவரையும் மறுநாள் அதே மாதிரி கேட்பார். ராவுத்தர் அந்த இறங்கிய தோளுக்கு ஏற்றபடி வெட்டிய கோட்டில் துரை நேராக நிற்பதாகவே தெரியும். அந்தக் கோட்டோடுதான் ஒரு மழைநாள் காலையில் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார்.

பேட்டர்னைக் கிழிக்கச் சொன்னார் ராவுத்தர். கிழித்துவிட்டேன் என்றேன். கிழிக்கவில்லை. அப்படி ஒரு வெட்டைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. துரையின் பேரை ரப்பரால் அழித்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்தேன்.

3. வெள்ளிக்கிழமை மத்தியானம்

ஒரு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ராவுத்தர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம், தேவராஜன் கடைக்குள் வந்தார். அதே மேல் தோட்டத்துக் கிராணி. எட்டு வருஷம் சாஞ்ச துரைக்குக் கீழே கணக்கெழுதியவர். சாது. யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"தங்கச்சி, என்னை அசிஸ்டன் மேனேஜரா போட்டுட்டாங்க. நம்மள்ல நான்தான் முதல் ஆளு. அடுத்த வாரம் டைரக்டரு வர்றாரு. மானத்தைக் காப்பாத்துற மாதிரி ஒண்ணு சொல்லும்மா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் ஆள் ஒருவர் துரை ஆகிறார். அவருக்கு நான் உடுப்பு சொல்கிறேன். ஸ்பிரிங் புத்தகத்தில் அதே பாசிப்பச்சைத் துணியைக் காட்டினேன். லோரி காத்திருக்கிறது என்று அவசரப்பட்டார். ராவுத்தர் வரும்வரை நிற்க முடியவில்லை.

"அளவு, தங்கச்சி?"

"நீங்க போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

மார்பு நாற்பது, கை இருபத்து நாலு. சாஞ்ச துரையின் அளவேதான். அலமாரிக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்துப் புதுத் தாளில் வரைந்து, தேவராஜன் என்று பேர் எழுதி, ராவுத்தரிடம் கொடுத்தேன். அவரே அளவு கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். ராவுத்தர் தாளை விரித்துப் பார்த்தார்.

"இடது தோளு இறங்கியிருக்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் கிழிக்காத கதையும் வெளியே வரும்.

"ஆமா முதலாளி. அவருக்கும் அப்படித்தான்."

அன்று நான் சொன்னது பொய். மூன்று மாதத்தில் அது உண்மையாகிவிட்டது.

கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தபோது ராவுத்தர் உள்ளே ஃபோனில் இருந்தார். இடது தோளில் கோட்டு பிடித்தது. தேவராஜன் கண்ணாடியைப் பார்த்து நெளிந்தார். பிறகு தோளை மெல்லக் கீழே இறக்கினார். பிடிப்பு போய்விட்டது. கோட்டு அப்படியே வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"இப்ப பொருத்தமா இருக்குண்ணே," என்றேன்.

4. ஏழாம் நம்பர் மலை

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னல் டை வாங்க வந்தார். கோட்டைக் கழற்றவே இல்லை. கவுண்டரில் விரலால் தட்டினார். என்னை நேராகப் பார்த்தார்.

"பேரு என்னா?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேர் சொல்லும்வரை நின்றார். சொன்னேன். டையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அவர் மனைவி கனகா வந்தாள். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தக் கோட்டுல என்னக்கா வச்சுத் தைச்சீங்க?"

"ஏம்மா, என்னா ஆச்சு?"

"கழட்டினாலும் தோளு ஏற மாட்டேங்குது. படுத்தாலும் அப்படியே கெடக்கு. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஜனங்களை மழையில நிக்க வைக்கிறாராம். அதுகூடப் போகுது. நேத்து எங்க மவளைக் கூப்பிட்டு, பேரு என்னான்னு கேக்குறாருக்கா. ஏழு வயசு புள்ள. அது பயந்துபோய்ப் பேரைச் சொல்லுது. இன்னிக்குக் காலையில மறுபடி கேக்குறாரு."

எட்டு வருஷம் கூடவே இருந்தவர், துரையின் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், பதவி வந்த மிதப்பு என்று ஆறுதல் சொன்னேன். தோளைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றே அவளோடு லோரி ஏறினேன்.

காலை பதினொரு மணி இருக்கும். மேல் தோட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். கொழுந்து எடுக்கும் பெண்கள் இருந்தால் அரை மைலுக்கு முன்பே பேச்சுச் சத்தம் கேட்கும். ஏழாம் நம்பர் மலையில் சத்தமே இல்லை. நாற்பது பேர் நிரையில் நின்று கொழுந்து கிள்ளுகிறார்கள். இலை முறியும் சத்தம் மட்டும் கேட்டது.

மேட்டில் அந்தக் கோட்டு நின்றது. முதலில் எனக்குக் கோட்டுதான் தெரிந்தது. இடது பக்கம் சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி. துரை விழுந்த இடம் அதுதான் என்று கனகா சொன்னாள். காலடியில் துரையின் கிழட்டு நாய் படுத்திருந்தது. துரை போன பிறகு பங்களா வாசலைத் தாண்டாத நாய் அது.

"தேவராஜண்ணே!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"என்னாங்க! இங்க பாருங்க!" என்று கனகா கூப்பிட்டாள். நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

பக்கத்தில் கொழுந்து எடுத்த அம்மா நிமிராமல், வாய்க்குள்ளேயே, "அப்படிக் கூப்பிட்டா வராதும்மா," என்றார். வரமாட்டார் என்று சொல்லவில்லை. வராது என்றார்.

"துரை," என்றேன்.

உடனே திரும்பினார். பனியில் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது.

"துரை, கோட்டுல தையல் தப்பு இருக்கு. கடைக்கு வரணும்."

அந்தத் துரைக்குத் தையலில் தப்பு இருந்தால் பொறுக்காது. அது எனக்குத் தெரியும். தேவராஜன் மேட்டிலிருந்து இறங்கி எங்களோடு நடந்தார். நாய் லோரிவரை வந்து நின்றுகொண்டது.

5. டேப்

கடைக்கு வந்ததும் ராவுத்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கனகா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கண்ணுல பாத்தியில்ல? இப்ப நீயே எடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆணுக்கு அளவெடுத்தேன். கோட்டைக் கழற்றி, வெறும் சட்டையோடு நிற்க வைத்து எடுத்தேன். தேவராஜன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். வலது தோளைவிட இடது தோள் சரியாக ஒரு இன்ச் இறங்கியிருந்தது. மூன்று தடவை எடுத்தேன். மாறவில்லை.

"முன்னாடி எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டார் ராவுத்தர்.

அளவுப் புத்தகத்தைத் திறந்தேன். தேவராஜன் பேருக்கு நேரே இருந்தது எல்லாம் துரையின் அளவு. இந்த மனுஷன் எப்படி இருந்தார் என்று எங்கள் கடையில் எங்கேயும் எழுதவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

"நேராத்தான் இருந்தாரு," என்றாள் கனகா. "நேராவே தைங்க."

"நேரா தைச்சா இப்ப நிக்காதும்மா. மடிப்பு விழும்," என்றார் ராவுத்தர்.

"விழட்டும். அவரு வர்றதுக்கு எடம் வேணும்ல."

ராவுத்தர் பச்சைக் கோட்டை அங்கேயே பிரித்தார். இடது கை தனியாக வந்தபோது தேவராஜன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தாளை நான் கிழித்தேன். இரண்டையும், புதுப் பழுப்புத் தாளையும் பழைய தாளையும் சேர்த்து.

பழுப்பு நிறத்தில் புதுக் கோட்டு தைத்தோம். இரண்டு தோளும் ஒரே மட்டம். போட்டவுடன் இடது அக்குளுக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தது. கனகா மாதம் ஒரு தடவை அவரைக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் டேப் பிடிப்பேன். இரண்டாம் மாதம் முக்கால் இன்ச். அந்த மாதம்தான் பெரட்டில் மழை வந்தால் ஜனங்களை ஸ்டோருக்குள் போகச் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். நாலாம் மாதம் அரை இன்ச். அன்று என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். கூப்பிட்டது அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அளவு குறையவில்லை. அரையிலேயே நின்றுவிட்டது. எண்பதுகளில் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போகும்வரை அதே அரை இன்ச்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டதை நேராகச் சொல்கிறேன். நல்ல துணி சொல்லுங்கள், நல்ல தையல் சொல்லுங்கள். ஆனால் எதிரே நிற்கிற ஆளைத் தொட்டு அளக்காமல் எதையும் சொல்லாதீர்கள். ஒருவருக்கு அழகாக அமைந்ததை இன்னொருவர்மேல் போடாதீர்கள். ஆள் பொருந்தாவிட்டால் கோட்டு விடாது. ஆளைத்தான் மாற்றும்.

ஊர் மாறிப் போகிற அன்று கனகா சொல்லிக்கொள்ள வந்தாள். அவரைக் கடைசியாக ஒரு தடவை அளந்து பார்க்கட்டுமா என்று டேப்பை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்க்கா. புள்ள பேரை இப்ப அவரு மறக்குறதில்ல. எப்பவாச்சும், மழை பெய்யிற காலையில, என் பேரைத்தான் கேப்பாரு. நான் சொல்லிடுவேன்."

கீழே ரோட்டில் நின்ற லோரியில் சாமான்களுக்கு நடுவே தேவராஜன் உட்கார்ந்து காத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கனகா குடையை விரித்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள்.